வண்டிக்குள் கட்டிய வெள்ளைத் துணி: எரிபொருள் ஃபில்டரை வீட்டிலேயே மாற்றுவது

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். என் பழைய கார்புரேட்டர் பைக் ஒன்பதாவது வளைவில் திணறி நின்றது. ஐந்து நிமிடம் கழித்து உதைத்தேன். ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பியது. பதினொன்றாவது வளைவில் மறுபடியும் நின்றது. அப்படியே நின்று நின்று மேலே போய்ச் சேர்ந்தேன். இறங்கும்போது ஒரு குறையும் இல்லை. வீட்டுக்கு வந்து ஸ்பார்க் பிளக்கை மாற்றினேன், ஏர் ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்தேன், கையோடு செயினுக்கு எண்ணெயும் போட்டேன். அடுத்த வாரம் அதே ஏற்றத்தில் அதே கதை.

தெருமுனை மெக்கானிக் வேறு எதையும் தொடவில்லை. பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டருக்குப் போகும் ரப்பர் ட்யூபை உருவி, அதன் நுனியை ஓர் எவர்சில்வர் டம்ளருக்குள் விட்டு, டேங்கின் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் ‘காக்’கைத் திறந்தார். இழை அறாமல் ஓட வேண்டிய பெட்ரோல், மழை விட்ட பிறகு கூரையிலிருந்து வடிவதுபோல் சொட்டுச் சொட்டாக விழுந்தது. “தம்பி, வண்டிக்குத் தாகம். நீங்கள் அதற்குப் பல் தேய்த்துவிட்டிருக்கிறீர்கள்” என்றார். ஃபில்டர் அடைத்திருந்தது. கட்டைவிரல் அளவுகூட இல்லாத பிளாஸ்டிக் சாமான் அது. நான் அதுவரை அதைக் கண்ணால் பார்த்ததே இல்லை.

அது என்ன செய்கிறது

தண்ணீர்க் குழாயின் வாயில் வெள்ளைத் துணி கட்டிப் பழகியவர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. கட்டிய அன்று தண்ணீர் தாராளமாகக் கொட்டும். பத்து நாளில் துணி செம்மண் நிறத்துக்கு வந்துவிடும்; குடம் நிறைய இரண்டு மடங்கு நேரம் ஆகும். குழாய் கெட்டுவிட்டது என்று யாரும் பிளம்பரைக் கூப்பிடுவதில்லை, துணியைத்தான் அவிழ்ப்பார்கள். அவிழ்த்ததும் அதில் ஒட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு, “மாடித் தொட்டியைக் கழுவி எத்தனை நாளாயிற்று?” என்று கேட்பவர்தான் வீட்டில் விவரமானவர். எரிபொருள் ஃபில்டரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதி இதற்குள்ளேயே இருக்கிறது: அடைத்துக்கொள்வதுதான் அதன் வேலை. எதனால் அடைத்தது என்று பார்ப்பது நம் வேலை.

டேங்குக்கும் இன்ஜினுக்கும் நடுவே எரிபொருள் போகும் பாதையில் இது உட்கார்ந்திருக்கிறது. பெரும்பாலானவற்றின் உள்ளே, புடவைக்குக் கொசுவம் வைத்ததுபோல் மடிப்பு மடிப்பாக ஒரு காகிதம் இருக்கும். சிறிய கூட்டுக்குள் நிறையப் பரப்பு வேண்டும் என்பதற்காகத்தான் அந்த மடிப்பு. டேங்கின் துரு, பங்க்கிலிருந்து வரும் மண், உள்பக்கமாக உரிந்த ரப்பர்த் துணுக்கு, பழைய பெட்ரோல் வற்றி உண்டான பிசின் எல்லாம் இதில்தான் மாட்டும்.

எவ்வளவு நுண்ணிய தூசியை நிறுத்தும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். கார்புரேட்டர் பைக்கின் டேங்குக்குள் இருப்பது வெறும் வலைதான். கண்ணுக்குத் தெரியும் குப்பையை நிறுத்தினால் அதற்குப் போதும். இன்றைய டீசல் கார்களின் ஃபில்டரோ 5 மைக்ரான் அளவுத் துகளையும் பிடிக்க வேண்டியிருக்கிறது. தலைமயிரின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்றால் கணக்குப் புரியும். ஏன் இவ்வளவு கெடுபிடி? காமன் ரெயில் டீசல் இன்ஜினில், அதாவது ஒரே பொதுக் குழாயிலிருந்து எல்லாச் சிலிண்டர்களுக்கும் டீசல் போகும் வகையில், பம்ப் 1,600 பார் அழுத்தத்தையும் தாண்டி டீசலைத் தள்ளுகிறது. கார் டயரில் நாம் அடிக்கும் காற்று 2 பார் சொச்சம்தான். அந்த வேகத்தில் போகும் துகள், டீசலை இன்ஜினுக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டருக்குள் உப்புத்தாள் தேய்ப்பதைப்போல் தேய்த்துவிடும். ஃபில்டரில் சிக்கனம் பார்த்து இன்ஜெக்டரில் கொட்டி அழுதவர்களை ஒர்க்‌ஷாப்களில் பார்த்திருக்கிறேன்.

அடைப்பை அடையாளம் காண்பது

மெதுவாகப் போகும்போது வண்டி நன்றாக இருக்கும்; ஏற்றத்தில், ஆள் ஏறினால், நெடுஞ்சாலையில் வேகமெடுத்தால் திணறும். நின்ற இடத்தில் ஓடும் இன்ஜினுக்குக் கொஞ்சம் பெட்ரோல் போதும், பாதி அடைத்த ஃபில்டரும் அதைக் கொடுத்துவிடும். கேட்பு அதிகமாகும்போதுதான் குட்டு வெளிப்படும். ஏற்காட்டில் என் வண்டி ஐந்து நிமிடம் கழித்துக் கிளம்பியதற்கும் இதுவே காரணம். கார்புரேட்டரின் அடியில் ஒரு சிறு கிண்ணம் இருக்கிறது. இன்ஜின் குடிக்கும் வேகத்துக்கு ஃபில்டர் ஊற்றாததால் கிண்ணம் வற்றியது. நிறுத்தி வைத்திருந்த நேரத்தில் சொட்டுச் சொட்டாக அது மறுபடி நிறைந்தது. அந்தக் கிண்ணம் தீரும்வரை வண்டி ஓடியது.

கடைக்குப் போய் ஃபில்டர் வாங்கும் முன் ஒரு காசும் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. வண்டி திணறி நின்றதும் பெட்ரோல் டேங்கின் மூடியைத் திறந்து பாருங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டு, அதன்பின் வண்டி ஒழுங்காக ஓடினால், அடைத்திருப்பது ஃபில்டர் அல்ல, மூடியில் இருக்கும் காற்றுத் துளை. பால் டின்னில் ஒரே ஒரு ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் பால் இறங்காதே, அந்தச் சங்கதிதான். டேங்க் கவர் போட்டு மூடி வைக்கும் வண்டிகளில் இது அடிக்கடி நடக்கிறது.

எந்த வண்டியில் நாம் கை வைக்கலாம்

இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 என்ற புகை மாசு விதிகள் வந்தபின், புதிய இருசக்கர வண்டிகளில் கிட்டத்தட்ட எல்லாமே கார்புரேட்டரை விட்டுவிட்டு, பெட்ரோலை அழுத்தத்தில் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. அவற்றில் பம்பும் வடிகட்டியும் டேங்குக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கின்றன. இப்போது வரும் பெட்ரோல் கார்கள் பலவற்றிலும் அப்படித்தான். டேங்கைக் கழற்றி, பம்பை வெளியே எடுத்து, புது சீல் போட்டு மூட வேண்டிய வேலை அது. முதன்முதலாகக் கற்றுக்கொள்கிறவருக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து. வீட்டில் செய்ய ஏற்றவை மூன்று: ட்யூபுக்கு நடுவே ஃபில்டர் இருக்கும் பழைய கார்புரேட்டர் பைக்குகள், ஃபில்டர் வெளியே இருக்கும் பழைய பெட்ரோல் கார்கள், பானட்டைத் திறந்தால் கைக்கு எட்டும் தூரத்தில் ஃபில்டர் இருக்கும் டீசல் வண்டிகள். உங்கள் வண்டி எந்த வகை என்பதை அதனோடு வந்த கையேடு சொல்லும்.

ஒரு வார்த்தை எச்சரிக்கை. பெட்ரோலைவிட அதன் ஆவி பொல்லாதது. மைனஸ் 40 டிகிரிக் குளிரிலும் தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி கிளம்பும் என்கிறபோது, நம் ஊர் மே மாதத்தைச் சொல்லவே வேண்டாம். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போய்க் கலையாமல் தரையோடு தரையாகப் படரும். போர்ட்டிகோவில் நீங்கள் சிந்திய பெட்ரோலின் ஆவி, வாசல்படி தாண்டிச் சாமி விளக்குவரை போகலாம். ஆகவே திறந்த வெளியில், பகல் வெளிச்சத்தில், இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு மட்டும் இந்த வேலை. டார்ச் வேண்டுமானால் முதலிலேயே எரியவிட்டுக்கொள்ளுங்கள். பெட்ரோலுக்குப் பக்கத்தில் ஸ்விட்ச் போடாதீர்கள். பக்கத்தில் ஒரு வாளி உலர்ந்த மணல் இருக்கட்டும். தண்ணீர் வாளி உதவாது. பெட்ரோல் தண்ணீர்மேல் மிதந்துகொண்டே எரியும், தீயும் பரவும்.

கார்புரேட்டர் பைக்கில் மாற்றுவது

தேவையானவை ஒரு குறடு, ஒரு திருப்புளி, பனியன் வேஸ்ட் ஒரு பிடி, உலோகக் கிண்ணம் ஒன்று, புது ஃபில்டர். அத்துடன் புது ட்யூப் அரை மீட்டரும் இரண்டு கிளிப்களும் வாங்கிவிடுங்கள். பழைய ட்யூப் விறைத்துப்போயிருக்கும். கழற்றும்போது நன்றாக இருப்பதுபோல் தெரிந்து, திரும்ப மாட்டும்போது நுனியில் கீறல் விடும். பெட்ரோலுக்கென்றே விற்கும் ரப்பர் ட்யூபாகக் கேளுங்கள். மீன்தொட்டிக்குப் போடும் கண்ணாடிபோன்ற ட்யூபை மாட்டிக்கொண்டு அலைகிற வண்டிகளைப் பார்க்கிறேன். பெட்ரோல் பட்டுப் பட்டு அது சில மாதங்களில் கட்டையாகிவிடும்.

முதலில் பெட்ரோல் காக்கை ஆஃபில் வையுங்கள். சில வண்டிகளில் ஆஃப் என்ற நிலையே இருக்காது. இன்ஜின் ஓடினால் மட்டும் திறக்கும் காக் அது. டம்ளர் சோதனை அவற்றில் எடுபடாது என்பதையும் நினைவில் வையுங்கள். ஆஃப் உள்ள வண்டி என்றால், பிறகு இன்ஜினை ஓடவிட்டுத் தானாக நிற்கும்வரை காத்திருந்தால், ட்யூபிலும் கிண்ணத்திலும் இருக்கும் பெட்ரோல் செலவாகிவிடும். கழற்றும்போது கையில் கொட்டாது. அதன்பின் இன்ஜின் ஆறட்டும். சாய்வு ஸ்டாண்டில் அல்ல, நடு ஸ்டாண்டில் நிறுத்துங்கள்.

கழற்றுவதற்கு முன் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ட்யூப் எந்த வழியாக வளைந்து போகிறது, இன்ஜினிலிருந்து எவ்வளவு தள்ளிப் போகிறது என்பதெல்லாம் பத்து நிமிடத்தில் மறந்துபோகும். கிளிப்பின் இரு காதுகளையும் குறட்டால் அழுத்தி நகர்த்துங்கள். ட்யூபை இழுக்காதீர்கள், முறுக்குங்கள். வெறுமனே இழுத்தால், காக்கிலோ கார்புரேட்டரிலோ இருக்கும் பித்தளை முனை ஆட்டம் கண்டுவிடும். ஒட்டிக்கொண்டிருந்தால் ட்யூபை நீளவாக்கில் கத்தியால் கீறி எடுத்துவிடுவது மேல். அதற்குத்தான் அரை மீட்டர் வாங்கச் சொன்னேன்.

புது ஃபில்டரின் உடம்பில் ஓர் அம்புக்குறி இருக்கும். அம்பு கார்புரேட்டரைப் பார்க்க வேண்டும். தலைகீழாக மாட்டினாலும் வண்டி ஓடும் என்பதுதான் இதில் உள்ள வில்லங்கம். ஓடுகிறதே என்று விட்டுவிடுவோம், சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். முனைகளில் ட்யூபை நன்றாக உள்ளே தள்ளி, கிளிப்பை நுனியிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். ட்யூப் எங்கும் மடங்கக் கூடாது, சிலிண்டரின் சூட்டில் படக் கூடாது, மேலேறி இறங்கும் வளைவும் கூடாது. இங்கே பெட்ரோல் இறங்குவது புவியீர்ப்பில்தான். மேடு கண்டால் தயங்கும்.

காக்கைத் திறந்ததும் ஃபில்டருக்குள் பெட்ரோல் வருவது தெரியும். பாதிதான் நிறைகிறது, மேலே ஒரு காற்றுக் குமிழி நிற்கிறது என்றால் பயப்பட வேண்டாம். இந்த வகை வண்டியில் அது சகஜம். நான் முதல் தடவை அந்தக் குமிழியை விரட்ட அரைமணி நேரம் ட்யூபைப் பிசைந்துகொண்டிருந்தேன். இன்ஜினைக் கிளப்பும் முன் இரண்டு இணைப்புகளையும் உலர்ந்த விரலால் தடவிப் பாருங்கள். ஈரம் பட்டால் கிளிப்பைத் திரும்பப் போடுங்கள். ஈரத்தோடு சாவியைத் திருப்பாதீர்கள்.

இன்ஜெக்‌ஷன் உள்ள பழைய பெட்ரோல் காரில், ஃபில்டர் வெளியே இருந்தாலும் குழாய்க்குள் 3 பார் அளவு அழுத்தம் நிற்கும். அப்படியே கழற்றினால் பெட்ரோல் முகத்தில் பீய்ச்சும். பெட்ரோல் பம்பின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, இன்ஜினைத் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, இன்னும் இரண்டு மூன்று விநாடி செல்ஃப் அடித்து, பிறகு பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிய பின்தான் ஃபில்டர் பக்கம் போக வேண்டும். காருக்கு அடியில் போகிற வேலை என்றால் ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்காதீர்கள்.

டீசலில் தண்ணீர்தான் வில்லன்

டீசல் ஃபில்டருக்கு இரட்டை உத்தியோகம்: தூசியைப் பிடிப்பது, தண்ணீரைப் பிரிப்பது. பாதி காலியான டேங்கின் உள்சுவரில், இரவுக் குளிரில் காற்றின் ஈரம் வியர்க்கும். அந்தத் தண்ணீர் டீசலைவிடக் கனம் என்பதால் அடியில் தங்கும். உயர் அழுத்த பம்புக்கு மசகெண்ணெயும் டீசலேதான். அதில் தண்ணீர் கலந்தால் உலோகம் உலோகத்தோடு உரசும். போதாக்குறைக்கு, தண்ணீரும் டீசலும் சந்திக்கும் எல்லையில் நுண்ணுயிர்கள் வளர்ந்து, கறுப்பாகப் பாசிபோல் ஒரு வழுக்கலை உண்டாக்கும். நீண்ட நாள் நின்றுபோன டிராக்டர், ஜெனரேட்டர் டேங்குகளில் இதைப் பார்க்கலாம்.

தண்ணீரை வடிப்பது ஃபில்டரை மாற்றுவதைவிட எளிது, அதைவிட அடிக்கடி செய்ய வேண்டியது. வடிகால் திருகு உள்ள ஃபில்டர்களில் அது அடிப்பகுதியில் இருக்கும். கீழே ஒரு கண்ணாடி பாட்டிலைப் பிடித்து, இன்ஜின் ஓடாதபோது, திருகைக் கொஞ்சம் தளர்த்துங்கள். கால் டம்ளர் அளவு வடிந்ததும் மூடி, பாட்டிலை அசைக்காமல் பத்து நிமிடம் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியே பிரிந்து நிற்கும். இரண்டுக்கும் நடுவே கோடு கிழித்ததுபோல் எல்லை தெரியும். கொஞ்சமாக இருந்தால் பாட்டிலின் அடியில் பாதரசத் துளிகள்போல் உருளும். பாட்டிலைச் சாய்த்து அந்தத் துளிகள் ஓடிச் சேர்வதை ஒருமுறை பார்த்தவர், மழைக்காலத்தில் திருகைத் திறக்க மறக்க மாட்டார். டேஷ்போர்டில் ஃபில்டர் வடிவத்தின்கீழ் துளிகள் வரைந்த விளக்கு எரிகிறது என்றால் வண்டியே உங்களிடம் இதைக் கேட்கிறது. அதற்குப்பிறகு நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பார்ப்போம் என்பது வேண்டாத வீம்பு.

மாற்றும்போது டீசலில் தொல்லை கொடுப்பது காற்று. மெக்கானிக்குகள் ‘ஏர் பிடித்துவிட்டது’ என்பது இதைத்தான். குழாய்க்குள் நுழைந்த காற்று பம்பின் அழுத்தத்தில் சுருங்கி விரியுமே தவிர, டீசலைத் தள்ளாது. செல்ஃப் அடித்து அடித்துப் பேட்டரி தீரும், வண்டி கிளம்பாது. பல வண்டிகளில் இதற்கென்றே ஃபில்டர் அருகே ஒரு கைப்பம்போ ரப்பர் உருண்டையோ வைத்திருப்பார்கள். புது ஃபில்டரின் ரப்பர் வளையத்தில் விரலால் டீசல் தடவி, கையாலேயே இறுக்குங்கள். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது பெரும்பாலும் ஃபில்டரின்மேலேயே அச்சிட்டிருக்கும். பிறகு ஏர் எடுக்கும் திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அழுத்திக்கொண்டே இருங்கள். முதலில் நுரையாக வரும், பிறகு நுரையும் டீசலுமாக வரும், கடைசியில் குமிழியே இல்லாமல் வழியும், அப்போது மூடுங்கள். மின்சார பம்ப் உள்ள கார்களில் சாவியை ஆன் செய்து, சில விநாடி பொறுத்து, ஆஃப் செய்து, இப்படி நான்கைந்து முறை செய்தால் பம்பே நிரப்பிக்கொள்ளும். செல்ஃபைப் பத்து விநாடிக்குமேல் ஒரேயடியாக அடிக்காதீர்கள், இடைவெளி விடுங்கள்.

புது ஃபில்டருக்குள் கேனிலிருந்து டீசலை ஊற்றி நிரப்பி மாட்டும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. பழைய இன்ஜின்களில் அது செல்லும். காமன் ரெயிலில் நடுத் துளை வழியாக ஊற்றினால், வடிகட்டாத டீசலை நேராக இன்ஜெக்டருக்கு அனுப்புகிறீர்கள் என்று பொருள். ஏர் எடுக்கிறேன் என்று இன்ஜெக்டருக்குப் போகும் இரும்புக் குழாய்களின் நட்டைத் தளர்த்துவதும் கூடவே கூடாது. அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். புள்ளியளவு காயம்தானே என்று கட்டுப்போட்டுக்கொள்கிற விஷயம் அல்ல அது, உடனே அறுவைச் சிகிச்சை கேட்கிற விஷயம்.

கழற்றிய ஃபில்டரை எறியாதீர்கள்

மெக்கானிக் அன்று மாற்றிக்கொடுத்த ஃபில்டர் இரண்டே மாதத்தில் மறுபடி அடைத்தது. இந்த முறை நானே மாற்றினேன். கழற்றியதை மொட்டைமாடியில் நிழலில் இரண்டு நாள் காயவைத்து, வாசனை அறவே போனபின் கை ரம்பத்தால் அறுத்தேன். மின்சார கிரைண்டரை இதற்கு நினைத்தும் பார்க்காதீர்கள். காகித மடிப்பை விரித்தால், மிளகாய்த் தூள் சிந்தியதுபோல் செம்பழுப்புத் தூள், நடுநடுவே நகக்கீறல் அளவுச் செதில்கள். துருதான். வேலை நிமித்தம் நான் வெளியூரில் இருந்தபோது வண்டி இரண்டு மழைக்காலம் கால் டேங்க் பெட்ரோலோடு நின்றிருந்தது. பெட்ரோல் தொடாத மேல்பக்கமெல்லாம் துருவேறியிருந்தது. டேங்கைக் கழற்றிச் சுத்தம் செய்யாமல் ஃபில்டர் மேல் ஃபில்டராக மாற்றிக்கொண்டிருந்தால் கடைக்காரருக்குத்தான் லாபம்.

செம்பழுப்பு என்றால் டேங்கில் துரு. கறுப்பாக, மிருதுவாக, பிய்ந்த துணுக்குகளாக இருந்தால் ட்யூபின் உள்பக்கம் உரிகிறது. தேன்போல் ஒட்டும் பிசுபிசுப்பு, பெட்ரோல் டேங்கிலேயே கிடந்து பழசானதன் அடையாளம். விரலில் நறநறக்கும் வெளிர்நிறத் தூள் வெளியிலிருந்து வந்த மண். டேங்க் மூடியின் ரப்பரைப் பாருங்கள்.

பெட்ரோலில் தண்ணீரைத் தனியே கவனிக்க வேண்டிய காலம் இது. இந்தியாவில் 2025-இல் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தை எட்டிவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் குணம் உடையது. கொஞ்சம் தண்ணீர் என்றால் பெட்ரோலோடு கலந்து எரிந்துபோகும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீருமாகச் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் இறங்கிவிடும். இன்ஜினுக்குப் பெட்ரோல் எடுப்பதும் அடியிலிருந்துதானே. பழைய டேங்கில் படிந்திருக்கும் கசடையும் எத்தனால் கரைத்துக் கிளப்பிவிடும் என்பதால், பழைய வண்டிகளில் ஃபில்டரை வழக்கத்தைவிடச் சீக்கிரம் பார்ப்பது நல்லது.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை என்று எல்லோரும் கேட்கிறார்கள். பல டீசல் கார்களுக்கு 20,000 முதல் 40,000 கி.மீ. வரை கையேட்டில் போட்டிருக்கும், அதைப் பின்பற்றுங்கள். என் பைக்குக்கு ஆண்டுக்கு ஒன்று, தீபாவளி மழை தொடங்கும் முன். கழற்றிய காகித ஃபில்டரைக் காற்றடித்தோ பெட்ரோலில் அலசியோ திரும்பப் போடுவதில்லை. காற்றடித்தால் காகிதம் கண்ணுக்குத் தெரியாமல் கிழியும், பிறகு ஃபில்டர் இருந்தும் இல்லாத கதைதான். காக்கோடு சேர்ந்த உலோக வலை மட்டும் கழுவிப் போடத் தக்கது. ரிசர்வில் ஓட்டுவதையும் குறைத்துக்கொண்டேன், ஏனென்றால் ரிசர்வ் குழாயின் வாய் வண்டலுக்கு மிக அருகில் இருக்கிறது. நீண்ட நாள் வண்டியை நிறுத்துவதாக இருந்தால் டேங்கை நிரப்பிவிட்டுத்தான் போகிறேன்.

வேலை முடிந்த இரவு, வண்டிக்கு அடியில் பழைய செய்தித்தாள் ஒன்றை விரித்து வையுங்கள். எங்காவது கசிந்திருந்தால், காலையில் பெட்ரோல் காய்ந்துபோயிருந்தாலும் தாளில் வட்டமாக ஒரு கறை தெரியலாம். கறை இருந்தால் சாவியைத் தொடாமல் அதற்கு நேர்மேலே இருக்கும் கிளிப்பைப் பாருங்கள்.